ஒரே லைன், நாலு புள்ளி

கேள்வி: எங்கள் பெரிய வீட்டில் நாலு புள்ளி, அதாவது கல்யாணமான நாலு குடும்பம். எல்லாருக்கும் சேர்த்து 100 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன் ஒன்று. பில்லையும் நாலாகப் பிரித்துக் கட்டுகிறோம். கொழுந்தனார் மகன் டவுன்லோட் மேனேஜர் போட்டுப் படம் இறக்கினால், என் மகளின் பாட வீடியோ ஊர்ந்துதான் இறங்குகிறது. அவன் ஏதாவது ஹேக் செய்கிறானா?
– வாசகி ஒருவர், தேவகோட்டை

பதில்: ஹேக் எல்லாம் இல்லை ஆச்சி, பையனைத் திட்டிவிடாதீர்கள். ஓட்டை டிசிபியிலேயே இருக்கிறது. இணையத்தில் தகவலைப் பாக்கெட் பாக்கெட்டாக, சின்னத் துண்டுகளாக அனுப்பும் விதிமுறை அது. லைன் நிரம்பிப் பாக்கெட் தொலைந்தால், அனுப்பும் சர்வர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே வெறும் 400 கஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் போன இடத்தில் நெரிசலால் 40 பிட்தான் போனது. அதைப் பார்த்து அந்த ஆய்வகத்தின் ஆராய்ச்சியாளர் வான் ஜேக்கப்சன் கொண்டுவந்த ஏற்பாடு இது. எல்லாரும் ஒழுங்காக விட்டுக்கொடுப்பார்கள் என்று நம்பிச் செய்தது.

ஆனால் பங்கு, ஆளுக்கு இல்லை, இணைப்புக்கு. டவுன்லோட் மேனேஜர் ஒரே படத்தைத் துண்டு போட்டுப் பல இணைப்பில் இறக்கும். மகளுக்கு ஒரு இணைப்பு, மேனேஜர் திறப்பது 16 என்றால் பதினேழில் பதினாறு பங்கு அவனுக்கு. எங்கள் இரண்டாங்கட்டில் இரண்டு லேப்டாப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இப்படியே இறக்கிப் பார்த்தேன். ஒன்று தொண்ணூறு எம்பிபிஎஸ்ஸைத் தாண்டியது, மற்றது ஆறைத் தொடவில்லை.

பொய் சொல்லியும் பறிக்கலாம். பாக்கெட் வந்ததும் வாங்குபவர் ‘கிடைத்தது’ என்று ஒப்புகை அனுப்ப வேண்டும். வராத பாக்கெட்டுக்கும் முன்கூட்டியே அனுப்பினால், பாதை காலி என்று நம்பி சர்வர் இன்னும் வேகமாகக் கொட்டும். 1999இல் ஆராய்ச்சியாளர் ஸ்டீஃபன் சாவேஜும் உடன் இருந்தவர்களும் இதைச் செய்தே காட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தன் பங்கு எங்கே போனது என்றே தெரியாது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, வழி என்ன? எங்கள் ஐயா கோயில் புள்ளி வரிக் கணக்கு எழுதியவர். கல்யாணமானவர் ஒரு புள்ளி. வீட்டில் எத்தனை தலை என்று எண்ணமாட்டார். உங்கள் ரவுட்டரும் அப்படி எண்ணட்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஏறும் ரவுட்டர் வாங்கி, அதில் எஸ்க்யூஎம் என்ற நெரிசல் கட்டுப்பாட்டுப் பகுதியில் ‘கேக்’ வைக்கச் சொல்லுங்கள். லைனை முகவரிவாரியாகச் சமமாகப் பங்கிடும் முறை அது. வீட்டுக்குள் இருக்கும் தனித்தனி முகவரிகளைப் பார்க்க வைக்கும் நாட் (NAT) ஆப்ஷனும் கட்டாயம். இல்லாவிட்டால் வீடு முழுவதும் அதற்கு ஒரே முகவரியாகத் தெரியும். வேகத்தை லைனின் 100க்குக் கொஞ்சம் குறைவாக 90 என்று வையுங்கள், அப்போதுதான் பாக்கெட் வரிசை கம்பெனிப் பக்கம் நிற்காமல் உங்கள் ரவுட்டரில் நிற்கும்.

அப்புறம், புள்ளிக்கு ஒரு சின்ன வைஃபை ரவுட்டர், ரவுட்டர் மோடிலேயே. அதன் பின்னால் பத்து போன் இருந்தாலும் கேக்குக்கு அது ஒரு புள்ளிதான். பையன் 16 இணைப்பு திறந்தாலும் நெரிசல் அவன் வரிசையில்தான். ஒப்புகையில் பொய் சொல்லி சர்வரை லைனுக்கு மேல் கொட்டவைத்தால் மட்டும், நெரிசல் கம்பெனிப் பக்கமே நிற்கும், கேக்கால் அதைத் தடுக்க முடியாது. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு 90ஐயும் அவனே எடுத்துக்கொள்ளட்டும்.