ஷூமேக்கர் என்றதும் ஏன் சிரித்தார்கள்?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து இங்கிலாந்து வந்து, நார்த்தாம்ப்டன் பக்கம் கார்பன் ஃபைபர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சேர்ந்திருக்கிறீர்கள். மதியச் சாப்பாட்டு மேசையில் 'ஃபார்முலா ஒன் கார் ரேஸ் ஓட்டுநர்களில் எல்லாரையும்விடப் பெரியவர் யார்' என்று பேச்சு வந்திருக்கிறது. உங்களிடமும் கேட்டார்கள். 'ஷூமேக்கர், ஏழு பட்டம்' என்றீர்கள். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் எழுந்து டீ போடப் போய்விட்டார். நான் என்ன தப்பாகச் சொன்னேன், இவர்களோடு எப்படித்தான் பேசுவது என்பது கேள்வி. பக்கத்திலிருக்கும் சில்வர்ஸ்டோன் டிராக்குக்குப் போய் ரேஸ் பார்க்கலாமா, குளிருக்கு என்ன வாங்குவது என்பது உபரிக் கேள்விகள்.

தப்பாக எதுவும் சொல்லவில்லை. சொன்ன இடம்தான் வில்லங்கமான இடம். ஃபார்முலா ஒன் டீம்களில் பல இந்தப் பக்கத்தில்தான். பிராக்லியில் மெர்சிடிஸ், மில்டன் கீன்ஸில் ரெட் புல், என்ஸ்டோனில் ஒரு காலத்தில் பெனட்டனாக இருந்து இன்று ஆல்பைன் என்ற பெயரில் ஓடும் டீம், குரோவில் வில்லியம்ஸ், சில்வர்ஸ்டோன் வாசலிலேயே ஆஸ்டன் மார்ட்டின், பிரிக்ஸ்வொர்த்தில் மெர்சிடிஸ் எஞ்சின், நார்த்தாம்ப்டனிலேயே எஞ்சின் செய்யும் காஸ்வொர்த். எல்லாமே உங்களுக்கு ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. மற்ற ஊர்களில் இந்த விவாதம் ரசிகர்களுக்குள் நடக்கும். இங்கே எதிரில் சாண்ட்விச் தின்றுகொண்டிருப்பவர் அந்தக் காருக்கு ஒரு பிராக்கெட்டாவது கடைந்து கொடுத்திருப்பார். சிங்காநல்லூர்ப் பக்கம் பவுண்டரியில் முப்பது வருடம் நின்றவரிடம் போய் எந்த மோட்டார் பம்ப் ஒசத்தி என்று கேட்டால், தான் வார்த்ததைத்தானே சொல்வார்? அதே கதைதான்.

ஷூமேக்கர் விஷயத்துக்கு வருகிறேன். வருடம் முழுதும் சேர்க்கும் புள்ளியை வைத்துத்தான் உலக சாம்பியன் பட்டம். 1994-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். வில்லியம்ஸ் டீம் காரை ஓட்டிய டேமன் ஹில்லைவிட ஷூமேக்கர் ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தார். சுவரில் உரசித் திரும்பி வந்தவர், கடந்து போக வந்த ஹில் மீது மோதினார். இரண்டு காரும் அவுட். பட்டம் ஷூமேக்கருக்கு. 1997-இல் ஸ்பெயினின் ஹெரெஸில், வில்லியம்ஸ் காரை ஓட்டிய ஜாக் வில்நெவ் முந்தும்போது ஷூமேக்கர் அவர் பக்கமாகவே காரைத் திருப்பினார். அந்த முறை சரளையில் மாட்டிக்கொண்டது ஷூமேக்கர்தான். அந்த வருடப் புள்ளிப் பட்டியலிலிருந்தே அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். டீ போடப் போனவர் ஒரு காலத்தில் வில்லியம்ஸில் இருந்தவராக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆனால் இதே ஷூமேக்கர் பெயரை என்ஸ்டோன் பக்கம் சொல்லிப் பாருங்கள். 1994, 1995 இரண்டு பட்டமும் அங்கே செய்த பெனட்டன் காரில் வாங்கியவை. அங்கே வயதானவர்கள் முகம் மலரும். மெர்சிடிஸ் இருக்கும் பிராக்லிக்காரர்கள் பார்த்ததோ 2010-இலிருந்து 2012 வரை, நாற்பது வயதைத் தாண்டித் திரும்பி வந்து, அதே டீமின் இன்னொரு காரை ஓட்டிய டீம்மேட் நிக்கோ ராஸ்பெர்க்கிடம் மூன்று வருடமும் புள்ளியில் பின்தங்கிய மனிதரை. ஒரே ஆள்தான். ஊருக்கு ஒரு ஷூமேக்கர்.

ஆகவே இனிமேல் யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் 'நீங்கள் எந்த டீமில் வேலை பார்த்தீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாதிப் பேச்சை அவரே பேசிவிடுவார்.

மீதிப் பாதிக்கு ஒரு பிடி வேண்டும். பட்ட எண்ணிக்கையை வைத்துப் பேசினால் இவர்கள் மதிப்பதில்லை, அதில் நியாயமும் இருக்கிறது. உலக சாம்பியன் பட்டத்துக்கான முதல் பந்தயம் நடந்ததே 1950 மே 13-இல், இதோ பக்கத்துச் சில்வர்ஸ்டோனில்தான். அந்தக் காலத்தில் வருடத்துக்கு ஏழெட்டுப் பந்தயம். 2025-இல் 24. அர்ஜென்டினாக்காரர் ஃபாஞ்சியோ மொத்தமே 51 பந்தயம் ஓட்டி, 24-இல் ஜெயித்து, ஐந்து பட்டம் வாங்கினார். கடைசிப் பட்டம் வாங்கும்போது வயது 46. ரெட் புல் காரில் வெர்ஸ்டாப்பன் 2023 என்ற ஒரே வருடத்தில் 22-க்கு 19 ஜெயித்தார். இரண்டையும் எந்தத் தராசில் வைப்பது? ஃபாஞ்சியோ நாலு கம்பெனி காரில் பட்டம் வாங்கியவர், சரி. ஆனால் எப்போது எந்தக் காருக்கு மாற வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த மூக்கு அபாரம். 1956-இல் இத்தாலியின் மோன்ஸாவில் அவர் கார் படுத்துவிட, தனக்கே பட்டம் கிடைக்க வாய்ப்பிருந்த பீட்டர் காலின்ஸ் இறங்கித் தன் காரைக் கொடுத்தார். அன்றைய விதி அதை அனுமதித்தது. இன்று கேட்டால் சிரிப்பார்கள்.

ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 2016-இல் இதற்கென்றே கணக்குப் போட்டார்கள். ஓட்டுநரைவிட டீமின் பங்குதான் பல மடங்கு அதிகம் என்று வந்தது. அதைக் கழித்துப் பார்த்தால் ஃபாஞ்சியோ முதலிடம். சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லாதீர்கள். காரைச் செய்தவர்கள் 'அதைத்தானே நாங்கள் சொல்கிறோம்' என்று எழுந்து போய்விடுவார்கள்.

இங்கே செல்லுபடியாகும் அளவுகோல் ஒன்றுதான்: டீம்மேட். அதே பட்டறை, அதே எஞ்சின், அதே ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துக் காரில் இருந்தவன் என்ன செய்தான்? இங்கிலாந்துக்காரர் ஹாமில்டன் 2007-இல் மெக்லாரன் டீமில் முதல் வருடமே, இரண்டு முறை சாம்பியனான அலோன்சோ பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் 109 புள்ளி எடுத்தார்கள். என்னைக் கேட்டால் பின்னால் வந்த ஏழு பட்டத்தையும்விட அந்த ஒரு வருடம் அவரைப் பற்றி அதிகம் சொல்கிறது. ஷூமேக்கரின் டீம்மேட்டுகளோ பெரும்பாலும் வழிவிடுவதற்கென்றே வைக்கப்பட்டவர்கள். 2002 ஆஸ்திரியாவில் ஜெயிக்கவேண்டிய பாரிகெல்லோ முடிவுக் கோட்டுக்கு முன்னால் ஷூமேக்கருக்காக வேகத்தைக் குறைத்ததை உலகமே பார்த்தது.

இந்த அளவுகோலில் ருசியான வழக்கு 1988 மெக்லாரன். பிரேசிலின் சென்னாவும் பிரான்சின் பிராஸ்டும் ஒரே டீம். 16 பந்தயத்தில் 15 இவர்களுக்கு: சென்னா எட்டு, பிராஸ்ட் ஏழு. மொத்தப் புள்ளியைக் கூட்டினால் பிராஸ்ட் 105, சென்னா 94. பட்டம் யாருக்கு? சென்னாவுக்கு. சிறந்த 11 முடிவுகளை மட்டும் கணக்கில் எடுப்பது அன்றைய விதி. அப்படிப் பார்த்தால் சென்னா 90, பிராஸ்ட் 87. விதி தெரிந்துதானே இருவரும் ஓட்டினார்கள் என்பார்கள் சென்னா கட்சிக்காரர்கள். 16-இல் 13 முறை முதலிடத்திலிருந்து கிளம்பும் போல் பொசிஷன் எடுத்தவனை விட்டுவிட்டு யாரைப் பெரியவன் என்பது என்றும் கேட்பார்கள். பிராஸ்ட் கட்சி சிறியது, ஆனால் வாதம் பலமானது. லாடா, கேகே ராஸ்பெர்க், சென்னா, மான்செல், டேமன் ஹில் என்று ஐந்து சாம்பியன்களோடு டீம் பகிர்ந்தவர் அவர். 1984-இல் அரைப் புள்ளியில் லாடாவிடம் பட்டத்தை விட்டார். அதிலும் ஒரு வேடிக்கை: மொனாக்கோவில் மழைக்காகப் பாதியில் பந்தயத்தை நிறுத்தியபோது முன்னால் இருந்தவர் பிராஸ்ட். பாதிப் பந்தயம் என்பதால் பாதிப் புள்ளி, நாலரை. முழுதாக ஓடவிட்டு இரண்டாவதாக வந்திருந்தாலே ஆறு கிடைத்திருக்கும். அன்று பின்னாலிருந்து துரத்தி வந்த பையன் டோல்மன் டீம் காரில் இருந்த சென்னா. இதை மட்டும் மேசையில் எடுத்துவிடுங்கள், மதிய இடைவேளை போதாது.

என் ஓட்டு இந்த இருவருக்கும் இல்லை. அறுபதுகளில் ஓட்டிய ஸ்காட்லாந்துக்காரர் ஜிம் கிளார்க்குக்கு. காரணம் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் காஸ்வொர்த்தில் லேத்தில் நின்று ஓய்வு பெற்றவர். வீட்டு வாசல் மேசையில் ஒரு பழைய பிஸ்டன் வைத்திருக்கிறார். மேல் தட்டில் வால்வுகள் இடிக்காமலிருக்க வெட்டிய நான்கு பிறைக் குழி. அதில் சாவியைப் போட்டு வைப்பார். காஸ்வொர்த் செய்த டிஎஃப்வி எஞ்சினுடையது. ஃபார்முலா ஒன்னில் 155 பந்தயம் ஜெயித்த அந்த எஞ்சினின் முதல் பந்தயம் 1967-இல் நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில், லோட்டஸ் காரில். முதல் பந்தயத்திலேயே வெற்றி, ஓட்டியவர் கிளார்க். அந்த வருடம் டீம்மேட் சாதாரண ஆள் இல்லை, 1962 சாம்பியன் கிரஹாம் ஹில். அதே கார், அதே எஞ்சின். கிளார்க் நாலு ஜெயித்தார், ஹில் ஒன்றுகூட இல்லை.

அதே வருடம் மோன்ஸாவில் கிளார்க் டயர் பஞ்சராகி ஒரு முழுச் சுற்று பின்தங்கினார். அந்தச் சுற்றைப் பிடித்து, எல்லாரையும் தாண்டி முன்னால் வந்து, கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்து மூன்றாவதாக வந்தார். 1963-இல் பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் கொட்டும் மழையில் இரண்டாவது ஆளுக்கும் இவருக்கும் கிட்டத்தட்ட ஐந்து நிமிட இடைவெளி. மொத்தம் 72 பந்தயத்தில் 25 வெற்றி, இரண்டே பட்டம். கார் உடையாதபோது ஜெயித்தார் என்று சொன்னாலே போதும்; லோட்டஸ் அடிக்கடி உடைந்தது. பெரியவர் இதையெல்லாம் சொல்லமாட்டார். 'அவன் ஓட்டிவிட்டுக் கொண்டுவந்த காரில் பிரேக் பேட் தேயாமல் இருக்குமாம்' என்பதுதான் அவருடைய சான்றிதழ். மெக்கானிக்குகள் வாய்வழியாக வந்த பேச்சு. 1968 ஏப்ரலில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில், ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்த படியான ஒரு ஃபார்முலா டூ பந்தயத்தில் கிளார்க் இறந்தார், வயது 32. ஸ்காட்லாந்து எல்லையில் சர்ன்சைடு கிராமத்துக் கல்லறைக் கல்லில் சாம்பியன் என்பதற்கு முன்னால் விவசாயி என்றுதான் பொறித்திருக்கிறது. ஆட்டுப் பண்ணைக்காரர்.

நீங்களும் கிளார்க் என்று சொல்ல வேண்டியதில்லை. ஷூமேக்கரே இருக்கட்டும். ஆனால் 'ஏழு பட்டம்' என்று சொல்லாமல், '1996 பார்சிலோனா, மழை, அந்த ஓட்டை ஃபெராரி' என்று, அந்தக் காரிலும் அவர் ஜெயித்த பந்தயத்தைச் சொல்லிப் பாருங்கள். யாரும் டீ போட எழுந்து போகமாட்டார்கள்.

இரண்டு விஷயத்தில் ஜாக்கிரதை. 2021 அபுதாபி பற்றி நீங்களாக வாயைத் திறக்காதீர்கள். புள்ளி சமமாக இருந்து, விபத்து நடந்தால் எல்லாரையும் மெதுவாக ஓடவைக்கும் சேஃப்டி கார் பற்றிய ஒரு முடிவால், கடைசிச் சுற்றில் மெர்சிடிஸ் காரிலிருந்த ஹாமில்டனிடமிருந்து ரெட் புல் காரிலிருந்த வெர்ஸ்டாப்பனுக்குப் பட்டம் போன பந்தயம். பிராக்லியும் மில்டன் கீன்ஸும் முக்கால் மணி நேரத்துக்குள். உங்கள் மேசையில் இரண்டு ஊர்க்காரர்களும் இருப்பார்கள். இரண்டாவது, ஹாமில்டன் பேச்சு வரும்போது சிலர் சொல்லும் குறைகள் காரோட்டத்தைப் பற்றியதாக இருக்காது, அவர் உடை, பேச்சு, நிறம் பற்றியதாக இருக்கும். அங்கே நீங்கள் மத்தியஸ்தம் பண்ண வேண்டாம். 2025 முடிய 105 வெற்றி, அதில் ஒன்பது சில்வர்ஸ்டோனிலேயே என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

கோயம்புத்தூர் என்றால் நரேன் கார்த்திகேயன் பெயர் கட்டாயம் வரும். 2005-இல் அவர் ஓட்டிய ஜோர்டன் டீமின் பட்டறை சில்வர்ஸ்டோன் வாசலுக்கு எதிரில்தான் இருந்தது, நம்மூர்ப் பையனைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். இண்டியானாபொலிஸில் நாலாவது வந்தார் என்று பெருமை பேசுங்கள், தப்பில்லை. டயர் தகராறில் மற்றவர்கள் ஒதுங்க, அன்று ஓடியது ஆறே கார் என்பதையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நம்மூர்ச் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக் பற்றிச் சொன்னால் ஆர்வமாகக் கேட்பார்கள். டிவியில் ரேஸ் வர்ணனை சொல்லும் கருண் சந்தோக் சென்னைக்காரர் என்பது பலருக்குத் தெரியும்.

சில்வர்ஸ்டோன் ரேஸ் ஜூலையில். ஞாயிறு டிக்கெட் விலை கையைக் கடிக்கும், முதல் வருடம் வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்குப் போங்கள். மேகட்ஸ், பெக்கட்ஸ் வளைவுப் பக்கம் நின்றால் போட்ட காசு வசூல். காரில் போனால் ஏ43 சாலையில் காலை ஆறு மணிக்கே வரிசை நிற்கும். குளிருக்குக் கனமான ஸ்வெட்டர்களை அடுக்காதீர்கள். காற்றும் தண்ணீரும் புகாத கோட்டு ஒன்று, அதே மாதிரி ஷூ ஒரு ஜோடி, நவம்பருக்குள் வாங்கிவிடுங்கள். சில்வர்ஸ்டோன் பழைய விமானத்தளம், மறைப்பே கிடையாது. ஜூலையிலும் அந்தக் கோட்டைக் காரில் போட்டுக்கொண்டு போங்கள்.