இன்ஜினியரிங் என்ற சொல்லின் வேர் இன்ஜின் தானா?

இன்ஜின்களைக் கையாள்பவர் என்பதால்தான் இன்ஜினியர் என்ற பெயர் ஏற்பட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது உண்மையே. ஆனால் அந்த வேர் எந்திரத்தைக் குறித்ததன்று.

இலத்தீனில் 'இன்ஜெனியம்' என்றால் பிறவியிலேயே அமைந்த இயல்பு, மதிநுட்பம் என்று பொருள். ஈன்றெடுத்தலைக் குறிக்கும் வினையடியிலிருந்து அது தோன்றியதால், ஜீனியஸ், ஜெனரேட்டர் ஆகிய சொற்களும் அதற்கு உறவே. மதிநுட்பத்துக்கு வழங்கிய பெயர் காலப்போக்கில் அந்த நுட்பத்தால் உருவான கருவிக்கும், குறிப்பாகக் கோட்டை மதில்களைத் தகர்க்கும் போர்க்கருவிக்கும் ஆகிவந்தது; அக்கருவிகளை அமைப்பவர் இடைக்கால இலத்தீனில் 'இன்ஜெனியேட்டர்' எனப்பட்டார். பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் இச்சொல் படைக்களத்தை விட்டு நீங்கவில்லை. நியூகோமனின் நீராவி இன்ஜின் 1712இல்தான் இயங்கியது என்பதால், இன்றைய பொருளிலான இன்ஜினுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவர் இன்ஜினியர்.

சிவில் இன்ஜினியரிங் என்பதிலுள்ள 'சிவில்' கட்டடத்தைக் குறிப்பதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அது 'படைத்துறை சாராதது' என்று பிரித்துக்காட்ட வந்த அடைமொழி. எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய ஜான் ஸ்மீட்டன் தம்மைச் சிவில் இன்ஜினியர் என்று அழைத்துக்கொண்டார். 1771இல் இலண்டனில் அத்துறையினரின் சங்கமும் தோன்றியது. இயற்கையின் பேராற்றல்களை மனிதரின் பயனுக்கும் வசதிக்கும் ஏற்ப நெறிப்படுத்தும் கலை என 1828இல் ஆங்கிலேயப் பொறியாளர் தாமஸ் டிரெட்கோல்டு சிவில் இன்ஜினியரிங்குக்குத் தந்த வரையறையில் இன்ஜின் என்ற சொல்லே இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

நாம் வழங்கும் 'பொறியியல்' என்ற சொல்லை வெறும் மொழிபெயர்ப்பு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை, மதுரை மதிலில் பகைவரைத் தாக்க அமைந்திருந்தவற்றை அடுக்கும்போது, தானே வளைந்து அம்பெய்யும் 'வளைவிற் பொறி'யைக் கூறுகிறது. ஆக, நம் சொல்லுக்கும் போர்க்கருவி என்ற பொருள் பழையதே. ஒற்றுமை அதோடு நிற்கவில்லை: எலிப்பொறியில் உள்ள பொறி கண்ணியைக் குறிப்பதுபோல, ஆங்கிலத்தில் விலங்குகளைப் பிடிக்கும் கண்ணிக்கு வழங்கும் 'ஜின்' என்ற பெயரும் இன்ஜின் என்பதன் முதலெழுத்துகள் தேய்ந்த வடிவமே. அதே பெயருடைய மதுவகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது ஜூனிபர் என்ற செடியின் பெயரிலிருந்து வந்தது.