ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால்: போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் முன் ஒரு நாள் தேடுங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு ஊர் கருங்கல், வேலை துபாயில். முந்தாநாள் ராத்திரி திருவனந்தபுரத்தில் இறங்கினேன். இமிகிரேஷனில் முத்திரை குத்தி வாங்கியது நன்றாக ஞாபகம் இருக்கிறது, வீட்டுக்கு வந்து பார்த்தால் பாஸ்போர்ட் இல்லை. இன்னும் 28 நாளில் திரும்ப வேண்டும். அவுட்பாஸ் எடுத்துப் போகலாம் என்கிறான் கூட்டுக்காரன். திருட்டு என்று போலீஸில் எழுதிக் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும் என்கிறார் மாமா. என்ன செய்ய?

பதில்: தம்பி, ரெண்டு பேர் சொன்னதையும் விடுங்கள். அவுட்பாஸ் என்பது வெளிநாட்டில் பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர் இந்தியாவுக்கு வந்து சேர நம் தூதரகம் கொடுக்கிற ஒருவழிக் காகிதம். அதை வைத்து இங்கிருந்து துபாய் போக முடியாது.

ஸ்டேஷனுக்கும் உடனே ஓட வேண்டாம், ஒரு நாள் ஒழுங்காகத் தேடுங்கள். ஏனென்றால் தொலைந்தது என்று பதிவாகிப் புதியதுக்கு விண்ணப்பமும் போய்விட்டால் அந்தப் பழைய நம்பர் செத்தது மாதிரி; மறுநாள் கார் சீட்டுக்கு அடியில் கிடைத்தாலும் அதை அலுவலகத்தில் ஒப்படைக்கலாமே தவிர அதில் பயணம் செய்ய முடியாது. மார்த்தாண்டத்தில் பல வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், இப்படி அழாத குறையாக வந்து நின்றவர்கள் உண்டு.

எங்கே தேட? இமிகிரேஷன் தாண்டிய பிறகு பாஸ்போர்ட்டை மறுபடி எங்கே வெளியே எடுத்தீர்கள் என்று யோசியுங்கள். டியூட்டி ஃப்ரீயில் பில் போட பாஸ்போர்ட் கேட்பார்கள். பாட்டிலைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு பாஸ்போர்ட்டைக் கவுண்டரிலேயே விட்டு வருவது நம்மூர்க்காரர்களுக்குப் புதிதல்ல (நீங்கள் வாங்கினீர்களா என்று நான் கேட்கவில்லை). அப்புறம் பணம் மாற்றுகிற கவுண்டர், டிராலியின் முன்பக்கச் சின்னக் கூடை, கூப்பிட வந்த கார், வழியில் பாலராமபுரத்திலோ பாறசாலையிலோ சாயா குடிக்க இறங்கிய கடை. போனில் கேட்டால் "இல்லை" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நேரிலேயே போய், பயணியருக்கான தகவல் கவுண்டரிலும் பாதுகாப்புக்கு நிற்கிற சிஐஎஸ்எஃப்காரர்களிடமும் விமான நம்பர், இறங்கிய நேரம் சொல்லிக் கேளுங்கள். போர்டிங் பாஸ் துண்டு இருந்தால் எடுத்துப் போங்கள்.

கிடைக்கவில்லையா, அங்கிருந்தே காவல் நிலையம் போய்விடுங்கள். விமான நிலையப் பகுதி வலியதுறை போலீஸ் எல்லை. நம்ம கருங்கல் ஸ்டேஷனில் கொடுத்தால், "கேரளாவில் தொலைத்ததுக்கு இங்கே எதுக்கு வந்தே" என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். புகாரில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: இந்த விமானத்தில் வந்தேன், இத்தனை மணிக்கு முத்திரை வாங்கினேன், பிறகு காணவில்லை. திருட்டு என்று எழுதினால் அது வழக்கு, விசாரணை என்று இழுக்கும். அதைவிடப் பெரிது, அது பொய். ரசீதை முடிந்தால் ஆங்கிலத்திலேயே கேட்டு வாங்குங்கள், நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கப்போவது தமிழ்நாட்டு அலுவலகத்தில்.

பிறகு பாஸ்போர்ட் சேவா தளத்தில் மறுவழங்கல் என்பதைத் தேர்ந்து, காரணம் தொலைந்தது என்று போடுங்கள். 36 பக்கத்துக்குச் சாதாரணக் கட்டணம் 3,000 ரூபாய், அதாவது வழக்கமான புதுப்பித்தலுக்கு இரண்டு மடங்கு. நம் கன்னியாகுமரி மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது, திருநெல்வேலி சேவா மையத்தில் தேதி எடுக்கலாம். போலீஸ் ரசீதின் அசல், எப்படித் தொலைந்தது என்கிற உறுதிமொழிப் பத்திரம் (இணைப்பு எஃப்), ஆதார், பழைய பாஸ்போர்ட்டின் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்க நகல், இவ்வளவும் வேண்டும். நகல் இல்லையென்றால் டிக்கெட் போட்ட ஏஜென்டின் வாட்ஸ்அப்பில் கட்டாயம் கிடக்கும், கேளுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மறக்காதீர்கள். யுஏஇ, பத்தாவது தேறாதவர்கள் வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் ஒன்று. புதிய புத்தகத்தில் இசிஆர் (அந்த அனுமதி தேவை என்கிற குறிப்பு) என்று விழுந்துவிட்டால் அது தனித் தலைவலி.

புதிய பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணை வீட்டுக்கு வரும். ஆதாரில் அப்பா வீட்டு விலாசத்தைப் போட்டுவிட்டு மனைவி வீட்டில் தங்கியிருந்தால் அங்கேதான் நாள் போகும், கவனம்.

இதையெல்லாம்விட முக்கியமானது விசா. இன்றைக்கே கம்பெனி பிஆர்ஓவுக்கு (விசா வேலைகளைப் பார்க்கிறவர்) தகவல் சொல்லுங்கள். யுஏஇ-யில் இப்போது விசாவைப் புத்தகத்தில் ஒட்டுவதில்லை, 2022 முதல் அந்நாட்டு அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐடிதான். ஆனால் அங்குள்ள கணினியில் உங்கள் விசா பழைய பாஸ்போர்ட் நம்பரோடுதான் கிடக்கிறது. புதிய புத்தகமும் ஐடி கார்டும் கையில் இருக்கிறதே என்று கிளம்பாதீர்கள். தொலைந்ததைத் துபாய் இமிகிரேஷனில் தெரிவித்துத் திரும்பி வர அனுமதி எடுக்க வேண்டும், அந்த வேலையைக் கம்பெனி அங்கிருந்து செய்து தரும். புதிய நம்பர் வந்ததும் முதல் இரண்டு பக்கத்தைப் படமெடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள், அனுமதி வந்த பிறகு ஏர்போர்ட்டுக்குப் போகலாம்.

28 நாள் நெருக்கடிதான். டிக்கெட்டின் தேதியை மாற்ற எவ்வளவு ஆகும் என்று இப்போதே ஏஜென்டிடம் கேட்டு வையுங்கள், லீவு நீட்டிப்பு மெயிலையும் போலீஸ் ரசீது கிடைத்த அன்றே அதோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள்.