பழைய உலோகங்களை ஆராய ஆசைப்படும் மகளுக்கு எந்தப் பாடம்?

முல்லைத்தீவிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

சாதாரண தரத்தில் நன்றாகச் செய்த மகள் பழங்கால உலோகங்களை ஆராயப் போகிறேன் என்கிறாள். நீங்களோ, "மண் கிண்டுற வேலைக்கா இவ்வளவு படிச்சவள்?" என்று கலங்குகிறீர்கள். அவளுடைய ஆசையை மாற்ற வேண்டாம், அம்மா. உயர்தரத்தில் கலைப் பிரிவுக்குப் போகாமல் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் எடுக்கட்டும்.

ஏன் என்று சொல்கிறேன். மன்னாரில் பழைய மாந்தைத் துறைமுகம் இருந்த இடம் போன்ற கரையோர உப்பு மண்ணில் புதைந்த வெண்கலத்திலுள்ள செம்பில், உப்பின் குளோரைட்டு ஏறிவிடும். தோண்டி எடுத்து ஈரக்காற்றுப் பட்டதும் அந்தச் செப்புக் குளோரைட்டு வெளிர்பச்சைத் தூளாக மாறும். கூடவே ஐதரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். அது மிச்சச் செம்பையும் அரித்துத் திரும்பக் குளோரைட்டாக்கும். இது சுற்றிச் சுற்றி நடந்தால் கடைசியில் பொருளே உதிர்ந்துவிடும். துறையில் இதை வெண்கல நோய் என்பார்கள். ஈரப்பதத்தைக் குறைத்து வைத்தால் நோய் அடங்கும். இதையெல்லாம் விளங்கிக்கொள்ள இரசாயனவியல் வேண்டும், அம்மா.

சரி, புளி போட்டு விளக்கினால் என்ன? வேண்டவே வேண்டாம். பழைய துணியின் நெசவும் மரப்பிடியின் நாரும் அந்தத் துருப் படலத்தில்தான் பதிந்திருக்கும். விளக்கினால் சான்று அழிந்துவிடும். காணியில் ஏதும் கிடைத்தால் அப்படியே தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றால் எரிந்த பழைய இரும்பு உலைகளைக் கண்டார். அதே மாதிரி உலை கட்டி, இரும்பு உருக்கிப் பார்த்து, 1996இல் முடிவை வெளியிட்டார். உங்கள் மகளுக்குப் பிடித்திருப்பது இந்த மாதிரி வேலைதான்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்குள்ளேயே, உலோகம் போன்ற பொருட்களை ஆராயும் பொருளறிவியல் துறை இருக்கிறது. அதற்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதாவிட்டால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரசாயனவியல் படிக்கலாம். அப்புறம் களனிப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவனம் இருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். நூதனசாலை, தொல்லியல் ஆய்வுகூட வேலைகள் நம் நாட்டில் குறைவு. ஆனால் உலோக அரிப்பைப் படித்தவருக்குப் பாலம், கப்பல், குழாய், தொழிற்சாலை எங்கும் வேலை உண்டு. அதனால்தான் முதல் பட்டம் பொறியியலாகவோ இரசாயனவியலாகவோ இருக்கட்டும் என்கிறேன்.

ஆங்கிலத்தையும் இப்போதே தொடங்கட்டும். இந்தத் துறையின் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன.