எம்ஜிபி காரில் கிளட்சை மிதித்தும் கியர் சரியாக விழாதது ஏன்?

உங்கள் பழைய எம்ஜிபியில் (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று அரைக்கிறது, பெடலை மூன்று நான்கு முறை மிதித்தால் சரியாகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் கிளட்ச் ஆயில் ஓடும் லைனில் காற்று புகுந்திருக்கிறது.

அது எங்கே புகுந்தது என்று முதலில் பாருங்கள். காருக்கு அடியில், கியர்பாக்ஸின் முன்பக்கம் இருக்கும், ஆயில் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்குங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் சீல் போய்விட்டது. பெடல் பக்கம் ஆயில் வழிந்திருந்தால், பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில்தான் கசிவு. இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் மற்றதும் சீக்கிரமே கசியும்.

அப்புறம் காற்றை வெளியேற்றுவது. மேலிருந்து பெடலை மிதித்து எடுப்பது இந்தக் காரில் பாடாய்ப் படுத்தும். ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியேற்ற இருக்கும் நிப்பிளில் குழாய் மாட்டி, அதைச் சற்றுத் தளர்த்தி, சிரிஞ்சால் டாட் 4 பிரேக் ஆயிலைக் கீழிருந்து மெதுவாக ஏற்றுங்கள். காற்றுக்கு மேலே போவதுதான் இயல்பு, குமிழிகள் தானாகவே மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் தொட்டிக்கு வந்துவிடும். தொட்டி நிரம்பி வழிந்தால் பெயின்ட் உரிந்துவிடும், கவனம்.

இதற்குப் பிறகும் அரைத்தால், பெடலையும் மாஸ்டர் சிலிண்டரின் கம்பியையும் இணைக்கும் கிளெவிஸ் பின்னைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். பெடலின் துளையும் நீள்வட்டமாகியிருக்கும். அந்தச் சிறு ஆட்டமே மிதியில் பாதியைத் தின்றுவிடும். பெடலை முழுதாக மிதிக்கும்போது ஸ்லேவ் கம்பி ஏறக்குறைய அரை அங்குலம் நகர வேண்டும்.