தூங்கினேன் என்கிறது வாட்ச், இல்லை என்கிறது உடம்பு

கேள்வி: எனக்கு வயது 54. நாலு வருடமாக இடுப்பு வலி. இரவில் மூன்று, நான்கு முறை விழிப்பு வருகிறது. காலையில் எழுந்தால் ராத்திரி முழுக்க மூட்டை தூக்கிய மாதிரி அசதி. வலிக்குப் பார்க்கும் மருத்துவர் பிட்ஸ்பர்க் என்ற கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி, 11 மதிப்பெண், தூக்கம் மோசம் என்றார். மகன் வாங்கித் தந்த வாட்சோ தினமும் ஆறே முக்கால் மணி நேரம் தூங்கியதாகக் காட்டுகிறது. வீட்டுக்காரர், "நீ குறட்டை விட்டுத் தூங்குகிறாய், எனக்குத்தான் தூக்கம் போகிறது" என்கிறார். தீராத வலி உள்ளவர்களில் பாதிப் பேருக்குத் தூக்கப் பிரச்சினை என்று ஒரு கட்டுரையிலும், பத்தில் எட்டுப் பேருக்கு என்று இன்னொன்றிலும் படித்தேன். எனக்கு இருப்பது தூக்கப் பிரச்சினையா, வெறும் வலிதானா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டு சொன்ன வரிக்குக் கடைசியில் வருகிறேன். கடிதத்திலேயே முக்கியமான தகவல் அதுதான்.

பாதியா, எட்டா என்ற கணக்கை முதலில் பார்ப்போம். இரண்டு கட்டுரையும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஓர் ஆய்வில் "நன்றாகத் தூங்குகிறீர்களா?" என்று ஒரே கேள்வி கேட்டு, இல்லை என்றவர்களை எல்லாம் சேர்த்துக்கொள்வார்கள். இன்னொன்றில் கேள்வித்தாள் மதிப்பெண்ணை வைத்துப் பிரிப்பார்கள். வேறொன்றில் மருத்துவர் விசாரித்தோ, தூக்க ஆய்வு (இரவில் கருவிகள் பொருத்தித் தூக்கத்தையும் மூச்சையும் பதிவுசெய்யும் பரிசோதனை) செய்தோ நோய் என்று உறுதியானவர்கள் மட்டும்தான் கணக்கு. சல்லடைக் கண்ணை மாற்றினால் மேலே நிற்பதும் மாறத்தானே செய்யும். நோய் என்று உறுதியானவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2018-ல் வெளியான தொகுப்பாய்வில் கிடைத்த அளவு சுமார் 44 சதவீதம்.

உங்கள் 11 எப்படி வந்தது? பிட்ஸ்பர்க் கேள்வித்தாள் 1989-ல் வெளியானது. கடந்த ஒரு மாதத் தூக்கத்தைப் பற்றி 19 கேள்விகள், மொத்தம் 21 மதிப்பெண், 5-ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று பொருள். வலி நோயாளிகளை மனதில் வைத்து உருவாக்கியது அல்ல. அதில் "வலியால் தூக்கம் கெட்டதா?" என்றே ஒரு கேள்வி இருக்கிறது. பகலில் எதையும் செய்ய உற்சாகம் இருக்கிறதா என்றும் கேட்கும். நாலு வருடமாக இடுப்பு வலிக்கும் ஒருவருக்கு உற்சாகம் எங்கிருந்து வரும்? ஆக வலியின் பங்கும் தூக்கத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது. அதற்காக 11-ஐ ஒதுக்கிவிட முடியாது. தூக்கம் கெட்டிருக்கிறது என்று அது சொல்கிறது, எந்தக் கோளாறால் என்று சொல்லாது.

வாட்ச் கதை வேறு. அது முக்கியமாகப் பார்ப்பது உங்கள் கை அசைவை. இதயத்துடிப்பையும் பல வாட்சுகள் சேர்த்துப் பார்க்கும். அசையாமல் கிடந்தால் தூக்கம் என்று எழுதிக்கொள்ளும். இடுப்பு வலிக்காரர்கள் புரண்டால் வலிக்குமே என்று விழித்தபடியே ஆடாமல் படுத்திருப்பது எனக்குப் பழகிப்போன காட்சி. அந்த ஆறே முக்கால் மணியை வைத்து யாரும் உங்களோடு வாதாட வேண்டாம்.

சரி, இன்சோம்னியா, அதாவது தூக்கமின்மை நோய், என்று எப்போது சொல்வோம்? படுத்தும் தூக்கம் வராமல் இருப்பது, நடுவில் விழித்துக்கொள்வது, அதிகாலையிலேயே எழுந்துவிடுவது, இவற்றில் ஏதாவது ஒன்று வாரத்துக்கு மூன்று இரவாவது, மூன்று மாதமாவது இருக்க வேண்டும். தூங்க நேரமும் வசதியும் இருந்தும் இப்படி ஆகி, பகல் வேலையும் கெட வேண்டும். நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு: விழித்தபின் உடனே தூங்கிவிடுகிறீர்களா, மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறீர்களா? ஆய்வுகளில் அரை மணிக்கு மேல் போனால்தான் பெரும்பாலும் பிரச்சினையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

"வலி போனால் தூக்கம் தானாக வரும்" என்று நாங்களே பல காலம் சொல்லி அனுப்பியிருக்கிறோம். வலியால் வரும் தூக்கமின்மைக்கு அப்போது வேறு நோயின் வால் என்ற இடம்தான். 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநல மருத்துவக் கையேட்டின் வரையறை, இப்படி வேறு நோயோடு வருவது, தனியாக வருவது என்று பிரிப்பதைக் கைவிட்டது. வலி இருந்தாலும் தூக்கமின்மை தனிக் கணக்கு, தனிச் சிகிச்சை. கெட்ட தூக்கம் மறுநாள் வலியைக் கூட்டுவது, வலி தூக்கத்தைக் கெடுப்பதைவிட உறுதியாகத் தெரிகிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: "வெறும் வலி" என்று தூக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

இப்போது குறட்டைக்கு வருவோம். குறட்டை, அடிக்கடி விழிப்பு, தூங்கியும் தீராத அசதி மூன்றும் சேர்ந்தால் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் நோய், இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இதன் வாய்ப்பு கூடுகிறது. கேள்வித்தாளாலும் வாட்சாலும் இதை உறுதிசெய்ய முடியாது, தூக்க ஆய்வு வேண்டும். அதுவரை தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்; சில வகைகள் மூச்சுத் தடையை மோசமாக்கும். வலிக்கு டிரமடால் போன்ற மாத்திரை எடுத்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆப்னியா இல்லை, இன்சோம்னியாதான் என்று தெரிந்தால், படுக்கும் நேரத்தையும் பழக்கங்களையும் மாற்றியமைக்கும் நடத்தை சிகிச்சைதான் முதல் தேர்வு. தூக்கம் நன்றாகவே தேறும், வலி அந்த அளவுக்குக் குறையாது.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிப்போங்கள். குறட்டை நடுவில் சட்டென்று நின்று, சில விநாடி சத்தமே இல்லாமல் போய், அப்புறம் திணறி மூச்சு வாங்குகிறீர்களா என்று அவருக்குத்தான் தெரியும்.