ஜப்பானில் யாகினிகு (மேசை அடுப்பில் நாமே கறி சுட்டுச் சாப்பிடும்) செயின் கடைகளில் எந்த லஞ்ச் செட் எடுத்தால் லாபம்? எல்லாம் ஒரே விலை மாதிரி இருக்கிறதே?

விலையை விடுங்கள், முதலில் கிராமைப் பாருங்கள். மெனுவில் இருப்பது பச்சைக் கறியின் எடை. சுட்டதும் நீரும் கொழுப்பும் போய் 100 கிராம் கல்பி (மாட்டு விலாக் கறி) 70 கிராம் சொச்சம்தான் தேறும். எடை போடாமல் படம் மட்டும் இருந்தால், "நங்குராமு தெசு கா?" (எத்தனை கிராம்?) என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

அடுத்தது ஒரு கழித்தல் கணக்கு. ஒரு கடையில் 100 கிராம் செட் 700 யென், 200 கிராம் செட் 1,100 யென் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 100 கிராம் கறிக்கு 400 யென் என்றால், 700இல் அது போக சோறு, சூப், கிம்சிக்கு (கொரிய காய்கறி ஊறுகாய்) 300 யென். பக்கத்துக் கடையில் அதே அளவுகள் 750, 1,300 என்றால் அங்கே கறி 550, மற்றவை 200. 100 கிராமில் 50 யென்தான் வித்தியாசம். 200 கிராமில் அது 200 யென். நிறையக் கறி வேண்டுமானால் முதல் கடைதான். உட்கார்ந்து சாப்பிட்டால் வரி 10 சதவீதம். பெரிய எழுத்தில் வரியில்லா விலையும் சின்ன எழுத்தில் வரியோடு சேர்ந்த விலையும் போடுவது சகஜம். '税込' (வரி சேர்த்து) என்று இருப்பதையே ஒப்பிடுங்கள்.

கிராம் ஒன்றாக இருந்தாலும் கறி ஒன்றல்ல. கல்பி என்பது பெரும்பாலும் விலா, வயிற்றுப் பக்கத்துக் கொழுப்புக் கறி. மலிவு செட்டில் கொழுப்பு தூக்கலாக இருக்கும், 200 கிராமுக்குள் திகட்டிவிடும். ஹராமி உதரவிதானத் தசை. வியாபாரத்தில் உள்ளுறுப்புக் கணக்கில் வந்தாலும், சாப்பிட மென்மையான சிவப்புக் கறிதான். மதியத்துக்குப் பாதி கல்பி, பாதி ஹராமி கலந்த செட்டைத்தான் நான் சொல்வேன்.

தனியாகப் போனால் யாகினிகு லைக் என்ற செயின். 2018இல் டோக்கியோவின் ஷிம்பாஷியில் தொடங்கியது. ஆளுக்கொரு அடுப்பு, கறியின் எடையும் மெனுவிலேயே இருக்கும். இரண்டு மூன்று பேர் ஒரே அடுப்பில் பகிர்ந்து சுட கியூகாகு என்ற செயின் வசதி. உயர்தரச் செயினான ஜோஜோஎன் லஞ்சை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே கொடுக்கிற காசு சாலட், கிம்சி, கடைசியில் வரும் இனிப்பு, நிதானமாக உட்காரும் இடம் எல்லாவற்றுக்கும் சேர்த்து.

நல்ல செட்டையும் சுடுகிற விதம் கெடுத்துவிடும். கம்பிவலை நன்றாகச் சூடேறுமுன் கறியைப் போட்டால் ஒட்டிக்கொண்டு கிழியும். மொத்தத்தையும் பரப்பினால் வலையின் சூடு இறங்கி, கறி சிவக்காமல் தன் நீரிலேயே வெந்துபோகும். மூன்று, நான்கு துண்டு போதும். உப்புப் போட்ட மாட்டு நாக்கை முதலில் சுடுங்கள், 'தாரே' சாஸில் ஊறியது பிறகு. சாஸில் சர்க்கரை உண்டு, வலையில் கருகி ஒட்டி அடுத்த கறிக்குக் கசப்பேற்றும். மேற்பரப்பில் சாறு முத்து முத்தாகப் பூக்கும்போது ஒருமுறை திருப்புங்கள். கல்பிக் கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் துண்டை ஓரத்துக்கு நகர்த்துங்கள். வலை கறுத்துவிட்டால் "அமி கோகான் ஒனெகாய்ஷிமாசு" என்றால் மாற்றித் தருவார்கள்.

பச்சைக் கறியை எடுக்கும் இடுக்கியால் வெந்ததைத் தொடாதீர்கள். கலவை செட்டில் பன்றியோ கோழியோ இருந்தால் நடுவில் சிவப்பே இல்லாமல் வேக வேண்டும். பன்றி, மது தவிர்ப்பவர்கள் ஆர்டருக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: தாரேயில் சாக்கே (அரிசி மது), மிரின் (இனிப்புச் சமையல் மது) சேர்ப்பதுண்டு, வலையும் பொதுதான்.